இரண்டு வாய் இலை

ஆட்டின் வயிற்றில் புழு நிறைய இருக்க வேண்டும் என்று ஆடு வளர்க்கிற வீட்டுப் பெண்ணே வேண்டிக்கொள்வாளா? மூத்தவள் வேண்டிக்கொண்டாள். நுண்ணோக்கியில் ஒரு கண்ணைப் பதித்து, மறு கண்ணை இறுக மூடிக்கொண்டு, கண்ணாடியில் வரைந்திருந்த கட்டங்களுக்குள் புழு முட்டைகளைத் தேடினாள். அகப்பட்டது ஆறே ஆறு. கணக்குப்படி ஐம்பதால் பெருக்கினால் முந்நூறு. போன மாதம் இதே கோணக்கொம்பு ஆட்டுக்கு ஆயிரத்து நானூற்று ஐம்பது இருந்தது.

எங்கேயோ தப்பு நடந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். மறுபடி இரண்டு கிராம் புழுக்கையை நிறுத்து, உப்புக் கரைசலில் மசித்து, வடிகட்டி, கண்ணாடியில் விட்டு, முட்டைகள் மேலே மிதந்து வரட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்து எண்ணினாள். ஐந்து. இன்னொரு முறை எண்ணினாள். ஏழு. முந்நூறு முந்நூறுதான் என்று அவள் கையே அவளுக்குச் சொல்லிவிட்டது.

"என்ன பெரியவளே, புழு குறைஞ்சிருக்கா?" மாமனார் வாசலில் நின்று கேட்டார்.

"குறைஞ்சிருக்கு மாமா."

"நான் அப்பவே சொல்லல? சின்னவளுக்குக் கைராசி."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்று தடவை புழுக்கை மசித்த கையை மூத்தவள் பார்த்தாள். இந்தக் கைக்கு ராசி கிடையாது, நாற்றம்தான் உண்டு. உள்ளே திகுதிகுவென்று எரிந்தது.

நகரத்தின் கடைசிப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி அவர்களுடைய பண்ணை இருந்தது. அண்ணன் தம்பி இருவர், மாமனார், இரண்டு மருமகள்கள், நாற்பத்திரண்டு பால் ஆடுகள். மூத்தவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். அங்கே மனிதர்களின் ரத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தாள், இங்கே வந்து ஆட்டுப் புழுக்கையை எண்ண ஆரம்பித்தாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இருந்ததில்லை. மருந்து அலமாரி அவள் பொறுப்பு. ஓர் ஆடு தும்மினாலும் தொழுவத்திலிருந்து "பெரியவளே" என்று குரல் வரும். பன்னிரண்டு வருஷமாக அந்தக் குரலுக்கு எழுந்து ஓடியவள் அவள். ஓடும்போது அலுத்துக்கொள்வாள், ஆனால் அந்த அலுப்பில் ஒரு சுகம் இருந்தது. இப்போது அதே தொழுவத்திலிருந்து "சின்னவளே" என்று குரல் வருகிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

சின்னவள் வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. வருவதற்கு முன்னால் ஆறு வருஷம் செருப்புக் கடையில் விற்பனைக்கு நின்றவள். ஆட்டுக்கு எத்தனை பல் என்றுகூடத் தெரியாமல் வந்தவள். கொழுந்தன் அவளை அழைத்து வந்தபோது, பாவம், ஒன்றும் தெரியாத பெண், நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று மூத்தவள் பெரிய மனதோடு நினைத்தாள். அந்தப் பெரிய மனது எங்கே போனது என்று இப்போது கேட்டால் அவளே தேடித்தான் பார்க்க வேண்டும்.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. புழுக்கள் புட்டி மருந்துக்குப் பழகிவிட்டன. அலமாரியில் இருந்த மூன்று வகை மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தாள் மூத்தவள். ஆடுகள் இளைத்துக்கொண்டே போயின. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. புழு ரத்தத்தைக் குடித்தால் முதலில் இமைதான் சொல்லும். அவள் எண்ணி எண்ணி நோட்டில் எழுதினாள். எழுதியதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அப்போதுதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சின்னவள் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"மாமா, பின்வேலிக்கு அந்தப் பக்கம் கசப்பா ஒரு புதர் மண்டிக் கிடக்கில்ல? இமை வெளுத்த ஆடுங்க மட்டும் வேலியோரமா நின்னு அதுக்குக் கழுத்தை நீட்டுது. நல்லா இருக்கிறதுங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. காலையில ஒரு மணி நேரம் பின்கதவைத் திறந்துவிட்டுப் பாக்கலாமா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது மூத்தவள்.

"செருப்புக் கடைக்கு வர்றவங்க வாய் ஒண்ணு கேக்கும் அக்கா, கால் வேற பக்கம் போகும். நான் காலைத்தான் பாப்பேன். இங்கயும் அதேதான் பண்ணேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவளும் சிரித்தாள், தாடை வலிக்கிற அளவுக்கு. கதவு திறந்தது. நோஞ்சான் ஆடுகள் போய் இரண்டு வாய் இலை தின்றன, திரும்பி வந்தன. மறுநாளும் இரண்டு வாய். நாலு வாரத்தில் இமைகள் சிவந்தன. அதற்குச் சாட்சி யார்? மூத்தவளின் நுண்ணோக்கி. தன் எதிராளியின் புகழை ஐம்பது ஐம்பதாகப் பெருக்கித் தன் கையாலேயே எழுதிவைக்கிற கொடுமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கால்நடை மருத்துவர் வந்தார். நோட்டைப் புரட்டினார். "இது புதுசில்லம்மா. உடம்பு சரியில்லாத மிருகம் தனக்கு வேண்டியதைத் தேடிப் போகும். குரங்கு வயித்துக்கு முடியலைன்னா கசப்புத் தண்டை மெல்லும். கரடி ஒரு வேரை மென்னு உடம்புல தேச்சுக்கும். நம்ம ஆளுங்க பாதி மருந்தை அதுங்களைப் பாத்துத்தான் கத்துக்கிட்டிருப்பாங்க. ஆனா உக்காந்து பாக்க ஆள் வேணுமே" என்றார். பிறகு சின்னவளைத் திரும்பிப் பார்த்தார். "ஆடு வளக்கறவங்க சங்கத்துல இருந்து அடுத்த சனிக்கிழமை பதினஞ்சு பேரைக் கூட்டிட்டு வரேன். நீங்க உங்க வாயால சொல்லணும்."

"ஐயோ, எனக்குப் பேச வராது டாக்டர்."

"செருப்பு விக்க வந்துச்சில்ல? அந்த மாதிரி பேசுங்க." பிறகு மூத்தவளிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நீங்க டீயை மட்டும் பாத்துக்கிட்டாப் போதும்மா" என்றார்.

அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. டீ. பன்னிரண்டு வருஷக் கணக்குக்குப் பதினைந்து டம்ளர் டீ.

அதற்குப் பிறகு சின்னவள் என்ன செய்தாலும் மூத்தவளுக்குக் கண்ணை உறுத்தியது. அவள் கொண்டை போடுவது, பால் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது, "அக்கா" என்று கூப்பிடும்போது கடைசியில் கொஞ்சம் இழுப்பது. அவள் கதவைச் சாத்துகிற சத்தத்தில்கூடப் பெருமை இருப்பதாகப் பட்டது. புருஷன்காரன் இதைக் கவனித்துவிட்டான். "ஆட்டு வயித்துல குறைஞ்ச புழு எல்லாம் உன் வயித்துக்கு வந்துடுச்சு போல" என்றான். அவளோடு இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடந்த பிறகுதான் அது நல்ல நகைச்சுவை இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

சின்னவளின் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை அவள் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள், வெள்ளிக்கிழமை காலையில் முதல் பேருந்தில் வந்துவிடுவதாகச் சொல்லி. பேருந்து திரும்பி மறைந்ததுமே மூத்தவளுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

யோசித்துப் பார்த்தால், சின்னவள் செய்தது என்ன வைத்தியம்? ஒரு கதவைத் திறந்துவிட்டாள். எந்த ஆடு எத்தனை கிராம் தின்றது, தெரியாது. எத்தனை நாளைக்கு, தெரியாது. மருந்து என்றால் அளவு வேண்டாமா? நாற்பத்திரண்டு ஆட்டுக்கும் நிறுத்துக் கொடுத்து, முன்னும் பின்னும் எண்ணி, ஒரு பக்கத்தில் அழகாகக் கட்டம் போட்டு எழுதி, சனிக்கிழமை அந்தப் பதினைந்து பேர் முன்னால் விரித்தால்? அப்போது யார் டீ கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கலாம்.

புதரின் மறுபக்கமாகப் போய், பின்கதவிலிருந்து பார்த்தால் தெரியாதபடி கிளைகளை வெட்டினாள். ஓர் இலையைத் தானே மென்று பார்த்தாள். வாய் முழுக்க வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆகா, இதுவல்லவா மருந்து என்று தோன்றியது.

ஆடுகளுக்கு அப்படித் தோன்றவில்லை. கட்டுக் கட்டாகப் போட்டும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. இன்னும் முழுசாகத் தேறாத நாலைந்து மட்டும் இரண்டு வாய் தின்றுவிட்டு, போதும் என்பது போல நகர்ந்து போய்விட்டன. சின்னவள் சொன்னால்தான் இதுகளும் கேட்கும் போலிருக்கிறது என்று மூத்தவளுக்கு ஆட்டின் மீதே கோபம் வந்தது.

அதற்கும் அவளிடம் வழி இருந்தது. தாதுப்பொடி கலக்கும்போது ஊற்றுவதற்கென்று ஒரு பீப்பாய் கரும்புப்பாகு எப்போதும் இருக்கும். குழந்தைக்கு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பதில்லையா? இலையைப் பொடியாக நறுக்கி, தவிட்டில் பிசைந்து, பாகைத் தாராளமாக ஊற்றித் தொட்டியில் கொட்டினாள். நாற்பத்திரண்டு ஆடுகளும் முண்டியடித்துக்கொண்டு வந்து தொட்டியை நக்கிப் பளபளப்பாக்கிவிட்டுப் போயின. திங்கட்கிழமை ஆட்டுக்கு அரைக் கிலோ. செவ்வாய்க்கிழமை முக்கால். புதன் வியாழன் ஒரு கிலோ. தேதி, எடை, அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதிவைத்தாள். தீவனம் அவள் கைவேலை என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. இரவு படுத்தால் சனிக்கிழமைதான் கண்ணுக்குள் ஓடியது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் பால் கறக்கப் போன கொழுந்தன் ஓடிவந்தான். வாளியின் அடிகூட நனையவில்லை. ஆடுகள் முதுகைக் கூனிக்கொண்டு நின்றன. ஒன்றும் அசைபோடவில்லை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வாயை எடுக்காமல் குடித்துக்கொண்டே இருந்தன. புழுக்கை கறுத்து, கல்லாக இறுகி, சளி படிந்து கிடந்தது.

மூத்தவள் குனிந்து ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பின்கதவைச் சரியா மூடினியா?" மாமனார் இளைய மகனைக் கேட்டார்.

"ஒரு மணி நேரம் விட்டுட்டு மூடிடுவேன்ப்பா. மூடினேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா? எல்லாம் அந்தக் கசப்பு எழவைத் தின்னதால வந்தது. நான்தான் கூறுகெட்டுப் போய் அவ பேச்சைக் கேட்டேன்."

சின்னவள் எட்டு மணிக்குக் கையில் பையோடு வந்து இறங்கினாள். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை அவர். "வந்து பாரு உன் வைத்தியத்தை" என்றார். அவள் பையோடு தொழுவத்துக்கு ஓடினாள். ஒவ்வோர் ஆடாகப் போய்க் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள், வாயை முகர்ந்தாள், வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று. மாமனார் நிறுத்தவில்லை. செருப்பு விற்றவளை நம்பி நாற்பத்திரண்டு உயிரை ஒப்படைத்தேன் என்றார். அவள் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான், தான்தான் கதவைத் திறந்து போட்டுவிட்டோமோ என்ற பயத்தில்.

மூத்தவள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், இதை மறைத்துப் பிரயோசனம் இல்லை: அவளுக்கு இனித்தது. பயத்துக்கு நடுவிலும், குற்றத்துக்கு நடுவிலும், செருப்பு விற்றவள் என்ற சொல் மாமனார் வாயிலிருந்து வந்தபோது உச்சி குளிர்ந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பின்கதவு இனித் திறக்காது, சனிக்கிழமை யாரும் வரமாட்டார்கள், தொழுவத்திலிருந்து மறுபடி "பெரியவளே" என்று குரல் வரும். ஒன்பது மணிக்கு வெள்ளைக்குட்டி காலை நீட்டிப் படுத்தது. போன வருஷம் பிறந்த பெட்டைக்குட்டி. பத்து மணிக்கு அது செத்துப்போனது. மூத்தவள் அப்போதும் பேசவில்லை.

மருத்துவர் வந்தபோது மணி பத்தரை. சூடு பார்த்தார், ரத்தம் எடுத்தார், வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பன்னிரண்டு மணி வரைக்கும் ஓர் ஆடு பாக்கியில்லாமல் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டுல ஒண்ணுதான். இலை விஷம், இல்ல குடல்ல கிருமி. கிருமின்னா எல்லாத்துக்கும் இப்பவே ஊசி போட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் பொறுத்துப் பாக்கணும். இலைன்னா பொறுக்கவே கூடாது, உடனே கரியும் எண்ணெயும் உள்ள போகணும். செத்ததை அறுத்துப் பாக்க இப்ப நேரமில்ல. யாராவது எனக்கு உறுதியாச் சொல்லுங்க. எவ்வளவு இலை தின்னுச்சு?"

"அளவே இல்லாமத் தின்னிருக்கு டாக்டர்" என்றார் மாமனார்.

சின்னவள் எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "இலையா இருக்காது டாக்டர். கதவு ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்தாலும் அதுங்க ரெண்டு வாய்க்கு மேல தின்னாது. நல்லா இருக்கிற ஆடு ஒரு வாய்கூடத் தின்னாது. நான் ரெண்டு மாசமாப் பாத்திருக்கேன். அதுங்களுக்கு நிறுத்தத் தெரியும்."

மருத்துவர் அவளையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "நீங்க சொன்னா நான் நம்பறேன்" என்று சொல்லிவிட்டு ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

நம்பிவிட்டார். ஊரே திட்டினாலும் அவள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புகிறார். அந்த நிலையிலும் மூத்தவளுக்கு அதுதான் முதலில் சுருக்கென்று தைத்தது. அடுத்த நொடிதான் மற்றது உறைத்தது. சின்னவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை, அந்த உண்மையை நம்பித்தான் இப்போது நாற்பத்தொரு ஆடும் சாகப் போகிறது.

"இலைதான்" என்றாள் மூத்தவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் கொடுத்தேன். நாலு நாளா. நறுக்கித் தவிட்டுல கலந்து. நேத்து ஆட்டுக்கு ஒரு கிலோ." மடியில் செருகியிருந்த நோட்டை எடுத்து நீட்டினாள்.

புருஷன் அவளை இதுவரை பார்த்தே இராதவன் போலப் பார்த்தான். மருத்துவர் நோட்டை வாங்கி ஒரே பார்வையில் படித்துவிட்டு ஊசிப் பெட்டியை மூடினார். சின்னவள் மட்டும்தான் கேட்டாள்.

"அதுங்க எப்படித் தின்னுச்சு அக்கா?"

"பாகு ஊத்தினேன்."

"ஓ" என்றாள் சின்னவள். "கசப்பு தெரிஞ்சாத்தானே நிறுத்தும்."

திட்டியிருந்தால் தேவலை. அவ்வளவுதான் சொன்னாள், சொல்லிவிட்டு வாளியை எடுக்கப் போய்விட்டாள்.

மத்தியானம் முழுவதும் கரி ஊட்டுகிற வேலை. பொடித்த கரியைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக விட வேண்டும். ஆட்டைப் பிடித்து நிறுத்த ஒருத்தர், வாயைப் பிளந்து ஊற்ற ஒருத்தர். அண்ணனும் தம்பியும் ஒரு ஜோடியாகப் போனதால் மருமகள்கள் இருவரும் ஒரு ஜோடி ஆனார்கள். சின்னவள் பிடித்தாள், மூத்தவள் ஊற்றினாள். தலையைத் தூக்கு, விடு, அடுத்தது. இதைத் தவிர வேறு பேச்சில்லை. நாலு மணிக்கு இன்னொன்று செத்தது. இருவர் முகத்திலும் கை முழுக்கவும் கரி அப்பியிருந்தது. மாமனார் தொழுவத்துப் பக்கமே வரவில்லை. வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் நன்றாயிருக்கும் என்று மூத்தவளுக்கு இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரம். மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். மூத்தவள் மட்டும் தொழுவத்தை ஒட்டிய பட்டிக்குள்ளேயே கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். அப்போது கோணக்கொம்பு மெதுவாக நகர்ந்து பட்டியின் மூலைக்குப் போனது. தடுப்புக் கம்பிக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தின் ஓரத்தில், சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று களிமண் தெரிந்தது. கோணக்கொம்பு கம்பிக்கு இடையில் மூஞ்சியை நுழைத்து நாக்கை நீட்டியது. எட்டவில்லை. மறுபடி நீட்டியது. காலை மாற்றி நின்று மறுபடியும் நீட்டியது.

மூத்தவள் சட்டென்று எழுந்தாள். நான் பார்த்தேன். முதலில் பார்த்தது நான். கை தானாக வாளியைத் தேடியது. ஒரு வாளி மண்ணை அள்ளி, தண்ணீரில் கரைத்து, எல்லா ஆட்டுக்கும்... அவள் அப்படியே நின்றுவிட்டாள். எழுந்த வேகத்தில் வாளி உருண்டு போயிருந்தது, அதை எடுக்கவில்லை. போய்த் தடுப்பின் கொக்கியைக் கழற்றினாள், திறந்துவிட்டாள், தள்ளி வந்து நின்றுகொண்டாள். கோணக்கொம்பு பள்ளத்துக்குப் போய் மண்ணை நக்கியது. கொஞ்ச நேரத்தில் நிறுத்தியது. இன்னும் ஐந்தாறு ஆடுகள் பின்னாலேயே போயின. சில முகர்ந்துவிட்டுத் திரும்பின. மூத்தவள் எதையும் தள்ளிவிடவில்லை, எதையும் இழுக்கவில்லை. திரும்பியபோது சின்னவள் தொழுவத்து வாசலில் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மருத்துவர் வந்தபோது நாற்பது ஆடுகளில் முப்பத்திரண்டு அசைபோட்டுக்கொண்டிருந்தன. கரி வேலை செய்திருக்கிறது என்றார். பள்ளத்தின் ஓரத்தில் நாக்குத் தடங்களைப் பார்த்து நின்றார். "மண்ணைத் தின்னுச்சா? பலே. களிமண்ணு விஷத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், கரி மாதிரியே. கிளிங்ககூட ஆத்தங்கரையில கூட்டமா உக்காந்து மண்ணைத் தின்னும். யார் இதைப் பாத்துத் திறந்துவிட்டது?"

"வேற யாரு?" என்றார் மாமனார். ராத்திரியெல்லாம் யோசித்து, நேற்று பேசிய பேச்சுக்குப் பிராயச்சித்தம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். "எங்க சின்னவதான். அவ கண்ணுக்குத்தான் இதெல்லாம் படும். இன்னைக்கு வேண்டாம், அடுத்த சனிக்கிழமை சங்கத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க டாக்டர். இதையும் சேத்துச் சொல்லட்டும்."

மூத்தவள் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் கோணக்கொம்பின் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். வாயைத் திறக்கவில்லை. மருத்துவர் அவள் தோளில் தட்டிக்கொடுத்தபோதும் திறக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு குழாயடியில் இருவரும் கரி வாளிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளால் பொறுக்க முடியவில்லை.

"மண்ணைப் பாத்தது நான்."

"தெரியும் அக்கா. நான் வாசல்லதானே நின்னேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

சின்னவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். "நேத்துக் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் நீங்க தூணோரம் நின்னீங்க. மாமா என்னைச் செருப்பு வித்தவன்னு சொன்னாரு. என் புருஷன் வாயே திறக்கல. வெள்ளைக்குட்டியை நான்தான் கொன்னேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன். நீங்க பாத்துக்கிட்டே நின்னீங்க."

மூத்தவள் தேய்த்த வாளியையே மறுபடி தேய்த்தாள்.

"அந்த அரை நாளுக்குப் பதிலா மண்ணைப் பாத்த பேரு எனக்கு" என்றாள் சின்னவள். "சனிக்கிழமை நான் அதைச் சொல்லுவேன். பாகு ஊத்தினதை நீங்க சொல்லணும். அதையும் யாராவது சொல்லியாகணும், இல்லன்னா அந்தப் பதினஞ்சு பேரும் வீட்டுக்குப் போய் இதையேதான் பண்ணுவாங்க."

பதினைந்து பேர் முன்னால், தன் வாயால், அந்த நோட்டை விரித்து வைத்துக்கொண்டு. அரைக் கிலோ, முக்கால், ஒரு கிலோ என்று படித்துக் காட்ட வேண்டும். அதற்கு முன்னாலோ பின்னாலோ இவள் எழுந்து மண்ணைப் பற்றிப் பேசுவாள், அவர்கள் கை தட்டுவார்கள். மூத்தவள் குழாயை மூடினாள்.

"மண்ணை நீயே எடுத்துக்கோ" என்றாள். சொல்லும்போதே வயிறு எரிந்தது.